நாக்கு கழற்றிய டூல்

அத்தியாயம் 9

"மேடம், இது என் பேனாவை விடமாட்டேங்குது."

கோர்ட்டின் சாமான் அறையில் ரேடியோ ஒரு கிரிம்பிங் டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். வயர் முனையில் 'லக்' என்கிற சின்னச் செம்புக்குழலைச் செருகி அழுத்துகிற கைக்கருவி அது. பார்ப்பதற்குக் கொஞ்சம் தடித்த இடுக்கி மாதிரி இருக்கும். அதன் தாடைக்குள் அவனுடைய பேனா பாதி கடிபட்டு மாட்டியிருந்தது. பிடியைத் தளர்த்திப் பார்த்தான். விரித்துப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"சாட்சிப் பொருளைத் தொடக்கூடாது," என்று முறைத்தார் குமாஸ்தா.

"நான் எப்பவோ விட்டுட்டேன் சார். அதுதான் என்னை விடமாட்டேங்குது."

மேஜைக்கு அந்தப் பக்கம் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்த இன்ஸ்பெக்டரம்மா நிமிராமலே சொன்னார். "இன்னும் அமுக்கு."

"பேனா போயிடும் மேடம்."

"போகட்டும். கடைசி வரைக்கும் அமுக்கு."

அமுக்கினான். டிக், டிக், டிக் என்று பல் பல்லாக ஏறி, கடைசியில் 'கடக்' என்றது. தாடை தானாகத் திறந்துகொண்டது. பேனா தட்டையாகிவிட்டது. மை முழுவதும் சட்டையில்.

"என் மாமனார் கல்யாணத்துக்குக் குடுத்த பேனா மேடம் இது."

"நல்லா எழுதுமா?"

"கல்யாணம் மாதிரிதான். ஆரம்பத்துல நல்லா எழுதுச்சு."

குமாஸ்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா என்றால் போலீஸ் இல்லை. பதினெட்டு வருஷம் மின்சாரப் பாதுகாப்புத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். பார்க்காத கட்டடத்தைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வேலை போனது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது தீ விபத்து, மின்சார விபத்து என்று யாருக்காவது உண்மை தெரிய வேண்டுமென்றால் இவரிடம் வருவார்கள். ரேடியோ அவருடைய உதவியாளன். அவனை ஆன் பண்ண யாரும் தேவையில்லை, ஆஃப் பண்ணத்தான் ஆள் வேண்டும் என்பதால் வந்த பேர்.

இந்த வழக்கில் அவனுடைய பேச்சே கொஞ்சம் குறைந்துதான் போயிருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் தீ. கீழ்த்தளத்து மெயின் மின்சாரப் பேனலில் பிடித்தது. நெருப்பு பெரிதாகப் பரவவில்லை. புகைதான் படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். அந்த பேனலைக் கட்டிய வயர்மேன், போலீஸ் வந்து கேட்ட முதல் கேள்விக்கே, "என் கவனக்குறைவு சார், நான்தான் லக்கைச் சரியா அழுத்தல" என்று ஒப்புக்கொண்டுவிட்டார். இன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை தண்டனை சொல்லப்போகிறார்கள்.

அவர் மனைவி மட்டும் நம்பவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் இன்ஸ்பெக்டரம்மாவின் வாசலில் வந்து நின்றாள். "இருபத்தோரு வருஷமா டூலைத் துடைக்காம தூங்கினதில்ல மேடம் அவரு. அவரா அரைகுறையா அழுத்துவாரு?" என்று அழுதாள். வழக்குக் காகிதங்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு, பச்சைக் கட்டம் போட்ட துணிக்கீற்றால் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அந்த ஃபைல்தான் இப்போது மேஜைமேல் அவிழ்த்துக் கிடந்தது.

"டூலைப் பாரு," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "மூட்டுல மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். தாடையில எண்ணெயே படல, காய்ஞ்ச துணியால துடைச்சிருக்கார். தேய்மானம் இல்ல, துரு இல்ல. பிடிக்கு நடுவுல அந்தப் பல்சக்கரம் தெரியுதா? அதுல ஒரு நாக்கு மாட்டும். ஒரு தடவை அழுத்த ஆரம்பிச்சா, முழுசா அழுத்தி முடிக்கிற வரைக்கும் அந்த நாக்கு தாடையைத் திறக்க விடாது."

"அதான் என் பேனாவோட கதையைப் பார்த்தோமே."

"இப்ப இதைப் பாரு." பூதக்கண்ணாடிக்குக் கீழே, விடுதி பேனலிலிருந்து எடுத்த லக் ஒன்று. மேலே இருந்த பிளாஸ்டிக் உறை எரிந்துபோய், கருத்த செம்புக்குழல் மட்டும் மிச்சம். "அழுத்தின தடம் பாதி ஆழம்கூட இல்ல. உள்ள வயர் இழை ஆடியிருக்கு. ஆடினா சூடாகும், சூடானா பொறி பறக்கும். அது மட்டுமில்ல, தடத்துக்குக் குறுக்க முடி மாதிரி ஒரு மேட்டுக்கோடு. அழுத்தின டூலோட தாடை ஓரத்துல சில்லு பேர்ந்திருக்கு."

ரேடியோ வயர்மேனின் டூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தாடை வழுவழுவென்று இருந்தது. அவன் முகம் மலர்ந்தது.

"அப்ப, பாதியில விடவே முடியாத டூலை வச்சு பாதி அழுத்தின லக்கைப் போட்டிருக்க முடியாது! வேற டூல், வேற கை! மேடம், மனுஷன் வெளிய வந்துடுவாரு."

"வேற கைன்னா யாரோட கை?"

"அதை அவரையே கேட்டா?"

"முந்தாநாள் சிறையில கேட்டேனே. நான்தான் செஞ்சேன், கேஸை விட்டுடுங்கம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டார்." இன்ஸ்பெக்டரம்மா ஃபைலைக் கட்டினார். "நிரபராதி கும்பிட்டா காப்பாத்துங்கன்னு கும்பிடுவான். இவர் விட்டுடுங்கன்னு கும்பிடுறார். வா, அவர் வேலை பார்த்த பட்டறைக்குப் போவோம்."

*

பேனல் செய்யும் பட்டறை பெரிய தகரக் கொட்டகை. சுவரில் வரிசையாக ஆறு கிரிம்பிங் டூல்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் சோதனை தேதி ஒட்டியிருந்தது. சூப்பர்வைசர் வாய் ஓயாமல் பேசினார்.

"எங்க டூல் எல்லாம் பக்கா மேடம். மாசா மாசம் பார்க்கிறோம்."

"அப்ப ஒவ்வொண்ணுலயும் ஒரு லக் அழுத்திக் காட்டுங்க."

ஆறிலும் அழுத்தினார்கள். ஆறும் முழு ஆழம். ஆறிலும் அந்த மேட்டுக்கோடு இல்லை. ரேடியோவின் முகம் தொங்கிப்போயிற்று.

"அழுத்தினதும் இழுத்துப் பார்ப்பீங்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

"கண்டிப்பா! லக்கைத் தராசுல மாட்டி, எவ்வளவு இழுவைக்குப் பிடுங்கிட்டு வருதுன்னு பார்த்துப் பதிவேட்டுல எழுதிடுவோம்." பதிவேட்டைக் காட்டினார். பக்கம் பக்கமாக 'சரி, சரி, சரி'. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியது.

"அந்தத் தராசைக் கொஞ்சம் காட்டுங்க."

சூப்பர்வைசர் அங்குமிங்கும் தேடினார். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு தராசு வந்தது. கொக்கி இல்லை. முள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தது.

"உங்க தராசு ரொம்ப நல்ல மனசுக்காரர் சார்," என்றான் ரேடியோ. "யாரையுமே ஃபெயில் பண்ணமாட்டார்."

இன்ஸ்பெக்டரம்மா உள்ளே சாமான் வைக்கும் மூலைக்குப் போனார். அங்கே ஒரு தட்டில், இரண்டு முனையிலும் லக் அழுத்திய வயர்கள் பத்துப் பத்தாகக் கட்டிக் கிடந்தன. பேனலில் அப்படியே எடுத்து மாட்ட வேண்டியதுதான். ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ரேடியோவும் எட்டிப் பார்த்தான்.

குறுக்கே, முடி மாதிரி ஒரு மேட்டுக்கோடு.

"மேடம்!"

"கத்தாதே. இதெல்லாம் யார் அழுத்தினது?"

"அது வந்து... வேலை குவிஞ்சா சில வயர் வெளியில செஞ்சு வரும் மேடம்." சூப்பர்வைசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வயர்மேன்தான் கொண்டுபோவாரு, கொண்டுவருவாரு. இது அவரு உள்ள போறதுக்கு முன்னாடி வந்ததுல மிச்சம். யார்கிட்ட குடுக்கிறாருன்னு நாங்க கேட்டதில்ல. பேப்பர்ல எதுவும் இல்ல."

"விடுதி பேனலுக்கும் இதே மாதிரிக் கட்டுதான் போச்சா?"

அவர் வாசலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் தலையை ஆட்டினார்.

இன்ஸ்பெக்டரம்மா அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். லக்கை அவர் பார்க்கவில்லை. கட்டின முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது ரேடியோவுக்குத் தெரிந்தது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "போகலாம்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

*

வழியில் ஒரு மின்சாரக் கடையில் இறங்கிப் புது கிரிம்பிங் டூல் ஒன்றை வாங்கினார். ரேடியோவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"யாரையோ காப்பாத்துறாரு மேடம் இவரு. அந்தப் பயல் யாருன்னு அவரு சம்சாரத்துக்குத் தெரிஞ்சிருக்கும். அவனைப் பிடிச்சுக் கொண்டுபோய் நிறுத்தினா, திங்கக்கிழமையே மனுஷன் வீட்டுக்கு வந்துடலாம். அந்தத் தங்கச்சி முகத்துல சிரிப்பைப் பார்க்கலாம். மூணு வாரமா அழுத முகத்தையே பார்த்துப் பார்த்து எனக்கே கண்ணு வீங்கிப்போச்சு."

"பயல்னு ஏன் சொல்றே?"

"பின்ன?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிர்ப்பட்ட எருமைக்கும் லாரிக்கும் நாய்க்கும்கூட ஏதாவது ஒரு பேர் வைத்துச் சிரிக்கிற ரேடியோ, அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

*

மூன்றாவது மாடி. இரண்டே அறை. கதவைத் திறந்ததும் வயர்மேனின் மனைவி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உட்காருங்க மேடம். உட்காருங்கண்ணே. ஏதாவது தெரிஞ்சுதா?"

"வீட்ல ஒரு கிரிம்பிங் டூல் இருக்காம்மா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

"இருக்கே. ஏன், வேணுமா?"

ஒரு நொடிகூடத் தயங்காமல் சமையலறைக்குப் போய், கரண்டி போடும் இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். அவள் முகத்தில் மறைக்கிற கள்ளம் ஒரு பொட்டுக்கூட இல்லை. கேட்டார்கள், கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா டூலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தாடை ஓரத்தில் சில்லு பேர்ந்திருந்தது. மூட்டில் துரு. ஒரு சொட்டு எண்ணெய் கண்டதில்லை. பிடியைச் சேர்த்தார். டிக் சத்தம் இல்லை, கடக் சத்தம் இல்லை. பாதி தூரத்தில் விட்டார். தாடை சும்மா திறந்துகொண்டது. பல்சக்கரம் இருந்தது. அதில் மாட்டுகிற நாக்கு இல்லை.

பையிலிருந்து பட்டறையில் எடுத்த வயர்க்கட்டையும் ஃபைலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் கட்டியிருந்தது ஒரே துணி. பச்சைக் கட்டம்.

"பொண்ணோட பழைய யூனிஃபார்ம்," என்றாள் அவள், தானாகவே. "கிழிச்சு வச்சிருக்கேன், எதையாவது கட்ட ஆகும்னு. இது நான் கட்டின கட்டுதான் மேடம். இது எங்க கிடைச்சுது?"

"நீங்கதான் அழுத்துவீங்களா?"

"ஆமா. பட்டறையில வேலை குவிஞ்சுபோய் அவரு திணறினாரு. மதியம் சும்மாதானே இருக்கேன், குடுங்கன்னு நான்தான் கேட்டேன். நல்லாத்தான் அழுத்துவேன் மேடம். ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை அழுத்துவேன்."

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லலம்மா?"

"யாரும் கேக்கலையே. விடுதி பேனல்ல எல்லாமே தானே அழுத்தினதுன்னுதான் அவரு சொன்னாரு. பட்டறையில தெரிஞ்சா திட்டுவாங்க, வெளிய சொல்லாதேன்னு அவரு சொல்லியிருந்தாரு." அவள் குரல் மெல்ல இறங்கியது. "ஏன் மேடம்? அதுல ஏதாவது தப்பா?"

இன்ஸ்பெக்டரம்மா புது டூலை எடுத்து, ஒரு லக்கையும் வயரையும் அதில் வைத்துக் கொடுத்தார். "இதுல ஒண்ணு அழுத்துங்க."

வலது கையால் வாங்கினாள். மணிக்கட்டில் நீளமாக ஒரு தையல் தழும்பு. அழுத்தினாள். டிக், டிக். நின்றுவிட்டது. இடது கையையும் சேர்த்து அழுத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு டிக். அதற்குமேல் முடியவில்லை. விட்டாள், டூல் லக்கை விடவில்லை.

"இதேதான் மேடம், அதுவும் முதல்ல இப்படித்தான் பிடிச்சுக்கும். மாடிப்படியில விழுந்து கை ஒடிஞ்சு, உள்ள பிளேட் வச்சிருக்காங்க. முழுசா அமுக்க வராது. டூலும் விடாது. வலியில ஒருநாள் உட்கார்ந்து அழுதுட்டேன். அவருதான் ஸ்க்ரூவைக் கழட்டி உள்ள இருந்து ஏதோ ஒரு சின்னத் துண்டை எடுத்தாரு. இனிமே உனக்கு வலிக்காதுன்னாரு."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கையிலிருந்த டூலைப் பார்த்தாள். மேஜைமேல் கிடந்த பழைய டூலைப் பார்த்தாள். வயர்க்கட்டைப் பார்த்தாள்.

"அந்த மூணு பொண்ணுங்க..." என்றாள்.

இன்ஸ்பெக்டரம்மா எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அந்தத் துண்டுதான் முழுசா அழுத்தியாச்சுன்னு சொல்ற துண்டு. அது இல்லாம யார் அழுத்தினாலும், அரைகுறையா இருந்தா தெரியாது. ரெண்டு தடவை இல்ல, பத்துத் தடவை அழுத்தினாலும் தெரியாது. இழுத்துப் பார்க்க வேண்டியவன் பட்டறையில இருந்தான், அவன் பார்க்கல."

"அவருக்கு இது தெரியுமா?"

"முதல் நாளே தெரிஞ்சிருக்கும்மா. அதான் யாரும் யோசிக்கிறதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டார்."

அவள் அழுவாள் என்று ரேடியோ எதிர்பார்த்தான். அழவில்லை. மூன்று வாரமாக அழுத கண் இப்போது வறண்டு கிடந்தது. அது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நான் சொல்லிட்டா அவரை விட்டுடுவாங்களா?"

"மாட்டாங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "நாக்கைக் கழட்டினது அவர். தானே அழுத்தினேன்னு பொய் சொன்னதும் அவர். உங்களையும் சேர்த்து விசாரிப்பாங்க. பட்டறையையும் இழுக்கலாம். ஆனா நீங்க வாயைத் திறந்தாதான் இழுக்க முடியும். அவங்க பேப்பர்ல நீங்களே இல்ல."

"சொல்லாட்டி?"

"அவர் மட்டும் உள்ள இருப்பார். பட்டறை நடந்துக்கிட்டே இருக்கும். அதே தராசு, அதே பதிவேடு."

"என் பொண்ணு பத்தாவது படிக்கிறா மேடம்."

ரேடியோ தொண்டையைச் செருமினான். "தங்கச்சி, நாங்க இந்த வீட்டுக்கு வரவே இல்லன்னு..." என்று ஆரம்பித்தவன், இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவர் தடுப்பார் என்று நினைத்தான். அவர் தடுக்கவில்லை. பழைய டூலை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்தார்.

"எனக்கு வேலை குடுத்தது நீங்க. கண்டுபிடிச்சதை உங்ககிட்டயே குடுத்துட்டேன். திங்கக்கிழமை காலையில கோர்ட் வாசல்ல இருப்பேன். அதுவரைக்கும் இது உங்க கையில."

கிளம்பி வாசலுக்கு வந்தபோது அவள் பின்னால் இருந்து பேசினாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாத குரல்.

"போன தடவை கோர்ட்ல, செத்துப்போன ஒரு பொண்ணோட அம்மா என் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. உன் புருஷன் செஞ்சதுக்கு நீ என்னம்மா பண்ணுவேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கூப்பிடுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. இந்தக் கையை."

*

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கோர்ட் வராந்தாவில் நிற்க இடமில்லை. வயர்மேனின் மனைவி வந்திருந்தாள். மகளும் வந்திருந்தாள். பள்ளிக்கூடப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் தூங்காத கண்களோடு. அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததுமே ரேடியோவுக்குப் புரிந்துவிட்டது.

"இவ சித்தி வர்றேன்னு சொல்லியிருக்கா," என்றாள் அம்மா. "அதுவரைக்கும் இவ பக்கத்துல உட்காருங்கண்ணே."

ரேடியோ உட்கார்ந்தான். ஒரு ஜோக் சொல்லலாமா என்று பார்த்தான். ஒன்றும் வரவில்லை. "பை கனமா இருக்கா பாப்பா? குடு, நான் வச்சுக்கிறேன்" என்று மட்டும் கேட்டான். அவள் கொடுக்கவில்லை.

சிறை வண்டி வந்தது. வயர்மேன் இறங்கும்போதே மனைவியின் கையில் துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டார். அவருக்கு எல்லாமே விளங்கியிருக்க வேண்டும். "வேண்டாம்," என்று கத்தினார். "ஏய், வேண்டாம்! மேடம், நான்தான் விட்டுடச் சொன்னேனே! சொன்னேனே உங்ககிட்ட!" போலீஸ்காரர்கள் அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் எவனுக்கும் தலைகுனியாத இன்ஸ்பெக்டரம்மா, அப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை ரேடியோ பார்த்தான்.

வயர்மேனின் மனைவி நேராக நீதிபதியிடம் போகவில்லை. வராந்தாக் கோடியில் உட்கார்ந்திருந்த, செத்துப்போன பெண்ணின் அம்மாவிடம் போனாள். அவளைக் கண்டதும் அந்த அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். போன தடவை மாதிரியே கையையும் பிடித்துக்கொண்டாள். வயர்மேனின் மனைவி குனிந்து மெதுவாகப் பேசினாள். என்ன பேசினாள் என்று இவர்களுக்குக் கேட்கவில்லை. நீளமாகவும் இல்லை. நாலு வார்த்தை, ஐந்து வார்த்தை.

அந்த அம்மா கத்தவில்லை, அடிக்கவில்லை. பிடித்திருந்த கையை மட்டும், ஏதோ சுட்டுவிட்ட மாதிரி இல்லாமல், மெல்ல, விரல் விரலாக விட்டாள். எழுந்தாள். வராந்தாவின் இன்னொரு கோடிக்குப் போய், சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

இன்ஸ்பெக்டரம்மா ஓரடி முன்னால் வைத்தார். அதற்குள் கதவு திறந்தது. சேவகர் வழக்கு எண்ணைச் சொல்லி, வயர்மேனின் பேரை மூன்று முறை கூப்பிட்டார். அவர் மனைவியின் பேரை யாரும் கூப்பிடவில்லை. துணியில் சுற்றிய டூலை எடுத்துக்கொண்டு, எழுந்து உள்ளே போனாள்.